தண்டு மட்டும் மாற்றினால் போதுமா?

நம் சங்கத் தோழர்களில் ஒரு பாதியினர் எஞ்சினியரிங் பயில்வோர். மறுபாதியினர் அவர்கள் பேச்சைப் பொறுத்துக்கொள்வோர். இரு சாராரும் இதைப் படிக்கலாம். ஏனெனில் முதலில் நான் சொல்லப்போவது என் பிழை.

எங்கள் பட்டறை மூலையில் பழைய செவர்லே 350 எஞ்சின் ஒன்று உள்ளது. எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர். சென்ற ஆண்டு அதற்குப் புதிய காம் ஷாப்ட் பூட்டினோம். (நெம்புருள் தண்டு என்று தமிழில் சொல்லலாம், பட்டறையில் சொன்னால் ஸ்பானரைத்தான் நீட்டுவார்கள்.) முதல் ஓட்டத்திற்கு நானே பொறுப்பாளன். எஞ்சின் பிடித்ததும், புதியதாயிற்றே என்று மெதுவாக ஓடவிட்டேன். வேகத்தை ஏற்றச் சொல்லி மிஸ்திரிஜி இந்தியில் இருமுறை கத்தினார். நான் கேட்கவில்லை. மறுவாரம் திறந்து பார்த்தால் இரண்டு மேடுகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன; எண்ணெயெல்லாம் இரும்புத்தூள்.

காரணம் எளிது. பழைய முறையில், தண்டின் மேடு லிப்டரின் அடிப்பாகத்தில் உராய்ந்தே அதைத் தூக்குகிறது. அந்த அடிப்பாகம் மிக இலேசாகக் குவிந்தும், மேடு மிக இலேசாகச் சரிந்தும் இருப்பதால் லிப்டர் சுழன்று தேய்வைப் பங்கிட்டுக் கொள்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பழக, முதல் இருபது நிமிடமாவது 2000 சுற்றுக்கு மேல் ஓட்டவேண்டும். அவ்வேகத்தில்தான் கீழே சுழலும் கிராங்க் ஷாப்ட் வேண்டிய அளவு எண்ணெயை மேலே வீசும். எண்ணெயிலும் மாற்றம் உண்டு. உராய்வைத் தாங்க உதவிய துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், புகையைத் தூய்மை செய்யும் கருவியைக் கெடுப்பதால், 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டிற்குள் அடக்கியது. நான் ஊற்றியதும் கடையில் கிடைத்த அத்தகைய எண்ணெய்தான்.

இப்போது ரோலர் தண்டு போடலாம் என்று எங்கள் குழு பேசுகிறது. லிப்டரின் அடியில் சிறு உருளை. மேட்டின்மேல் உராயாமல் உருளும். குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். வால்வை இன்னும் விரைவாகத் திறக்கலாம் என்பதால் கூடவும் கூடலாம். எனக்கு அது பெரிதன்று. ஆண்டுதோறும் அனுபவமற்ற புதுக் கைகள் வந்து தொடும் பட்டறை இது. என்னைப் போன்றவன் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் எஞ்சின் இங்கே வேண்டும். அதனால் மாற்றத்தை ஆதரிக்கிறேன்.

ஆனால் குழுவில் எல்லோரும் கேட்பது ஒன்றே: தண்டு என்ன விலை? இக்கேள்வியைத்தான் நான் எதிர்க்கிறேன். பழைய லிப்டர் புதுத் தண்டில் ஓடாது. ரோலர் லிப்டர் சுழலவே கூடாது. உருளை திரும்பிவிட்டால் மேட்டை அறுத்துவிடும். 1987 முதல் வந்த பிளாக்குகளில் அதைப் பிடித்துக்கொள்ளத் தொழிற்சாலையே வழி செய்தது. நம்முடையது அதற்கு முந்தியது. ஆகவே இரண்டிரண்டாகப் பட்டையால் இணைத்த லிப்டர்கள் வேண்டும். அவை உயரம் கூடியவை. எனவே புஷ்ராடுகள் குட்டையாக வேண்டும். எடையும் கூடியவை, எனவே வால்வு ஸ்பிரிங் வலுவாக வேண்டும். பழைய தண்டை அதன் மேடுகளின் சரிவே பின்னோக்கித் தள்ளி நிறுத்தியது. ரோலர் மேட்டில் சரிவில்லை, தண்டு முன்னும் பின்னும் நடக்கும். அதைத் தடுக்க முன்மூடிக்குள் ஒரு பொத்தான். தண்டு எஃகானால் டிஸ்டிரிபியூட்டரின் வார்ப்பிரும்புக் கியர் தேய்ந்துபோகும். வெண்கலமோ, தண்டு செய்தவர் சொல்லும் வேறொன்றோ வேண்டும். எல்லாம் சேர்ந்தால் தண்டின் விலை கணக்கில் சிறு வரிதான்.

பழைய முறையே போதும் என்பாரும் உளர். லட்சக்கணக்கான எஞ்சின்கள் அப்படித்தான் ஓடின என்கிறார்கள், உண்மை. உருளைக்குள் இருக்கும் ஊசித் தாங்கிகள் உடைந்தால் எஞ்சின் முழுவதும் கெடும் என்கிறார்கள், அதுவும் உண்மை. தக்க எண்ணெயும், முதல் இருபது நிமிடம் மிஸ்திரிஜியின் சொல்லைக் கேட்கும் ஆளும் ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பதாக அவர்கள் உறுதி தந்தால் என் வாதத்தை விட்டுவிடுவேன்.

அடுத்த வாரம் குழு கூடுகிறது. புஷ்ராடின் நீளம் பார்க்கும் சோதனைக் கம்பியை முதலில் வாங்கி, அளந்து, முழுப் பட்டியலும் எழுதிய பிறகே ஆர்டரில் கையெழுத்திடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.