முட்டி வலிக்கு முருகன் வாகனமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னு தோணினா கமெண்ட்ல தாராளமா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் நடந்தது இது. தண்ணீர்ப் பந்தல் அண்டாக்களைக் கழுவி அடுக்கிக்கிட்டிருந்தோம். எங்க தொண்டர் குழுவில மூத்த அண்ணன் ஒருத்தர் இருக்கார். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. ஜாலான் துன் எச்.எஸ்.லீயில ரதம் புறப்பட்டதிலிருந்து பத்துமலை வரைக்கும் 15 கிலோமீட்டரும் செருப்பில்லாம கூடவே நடந்தவர். அதுக்கப்புறம் 272 படியையும் மூணு தடவை ஏறி இறங்கினார். வேண்டாம்னு சொன்னா கேட்கிற ஆள் இல்லை. முட்டி ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு.

"நல்ல மருந்து கிடைச்சிருக்கு தம்பிங்களா, மஸ்ஜித் இந்தியாவுல பசார் மாலாம் அன்னைக்கு வாங்கினேன்"னு சொல்லி, சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒண்ணை எடுத்தார். மஞ்சளா ஒரு தைலம். லேபிள்ல கறுப்பு ஆடு ஒண்ணு பாறை மேல நிக்கிற படம். கீழே 'மிஞ்யாக் கம்பிங் குருன்'னு எழுதியிருந்துச்சு. 35 வெள்ளி.

வித்தவர் கதையும் சேர்த்துக் கொடுத்திருக்கார். இந்த ஆடு மலை உச்சியிலிருந்து விழுந்து கால் உடைஞ்சாலும், தன் எச்சிலால நக்கிக்கிட்டே எலும்பைக் கூட வச்சிடுமாம். அதனால அதோட கொழுப்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் தேய்ச்சா எலும்பு, மூட்டு எல்லாம் சரியாகிடுமாம். இந்தக் கதை இங்க மட்டும் இல்லை, சுமாத்ரா, தாய்லாந்து வரைக்கும் பழைய காலத்திலிருந்தே ஓடிக்கிட்டிருக்கு.

பொய் சொல்லக்கூடாது. நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கித் தேய்ச்சுக்கிட்டோம். கற்பூர வாசம் வந்துச்சு, கொஞ்சம் எரிஞ்சுது. எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்ற தங்கச்சி ஒருத்தி பல்கலைக்கழகத்துல படிக்கிறா. அவதான் குப்பியை வாங்கிப் பார்த்துட்டு, "அண்ணா, இது என்ன ஆடுன்னு தெரியுமா? நம்ம ஊர் மலையில இருக்கிற காட்டு ஆடு. புலி, காண்டாமிருகத்தோட ஒரே வரிசையில வச்சிருக்காங்க சட்டத்துல"ன்னு சொன்னா. அண்ணன் சிரிச்சிட்டார். "கோலாலம்பூர்ல என்னம்மா காட்டு ஆடு?"

எங்களுக்கும் அதே சந்தேகம்தான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் நாங்களே தேடிப் படிச்சோம், தெரிஞ்சவங்களைக் கேட்டோம். தெரிஞ்சுக்கிட்டதை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை.

முதல்ல அந்தப் பேர். மலாயில 'குருன்'னா இன்னைக்குப் பாலைவனம்னு அர்த்தம். அதனால சிலர் பாலைவன ஆடுன்னு நினைச்சுக்கிறாங்க. இதுக்கும் பாலைவனத்துக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்காட்டுக்கு நடுவுல செங்குத்தா எழும்புற சுண்ணாம்புப் பாறையிலயும் மலைச்சரிவுலயும் வாழற ஜீவன் இது. செரோன்னு சொல்றாங்க. உடம்பு கறுப்பு, கழுத்துல பிடரி மயிர், பின்னால வளைஞ்ச குட்டைக் கொம்பு. நூறு கிலோவுக்கு மேலயும் எடை இருக்கும், ஆனா ஆள் நிக்க முடியாத பாறை விளிம்புல சாதாரணமா நிக்கும். வெயில் நேரத்துல குகை வாயிலயோ பாறை நிழல்லயோ படுத்துக்கும், காலையிலயும் சாயங்காலமும் மேயும். ஒரே பாதையில நடக்கும். முக்கியமா, கூட்டமா இருக்காது, பெரும்பாலும் தனியாத்தான் நிக்கும். மலை உச்சியில தனியா நிக்கிறதைப் படத்துல பார்த்தப்ப எங்களுக்குப் பழனியாண்டவர் ஞாபகம்தான் வந்துச்சு.

எங்க இருக்குன்னு கேட்டா, ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக் குன்றுகள், தாமான் நெகாரா மாதிரியான பெரிய காடுகள். நம்ம சிலாங்கூர்லயும் இருக்கு. தாமான் மெலாவத்திக்குப் பின்னால வெள்ளைப் பாறையா நீளமா ஓடுதே கிள்ளான் கேட்ஸ் மலைத்தொடர், பிள்ளைங்க புக்கிட் தாபூர்னு சொல்லி ஏறப் போறாங்களே, அதேதான். 14 கிலோமீட்டருக்கு மேல நீளம். 1936-லேயே வெள்ளைக்காரன் அந்த இடத்தை வனவிலங்குக் காப்பகமா அறிவிச்சான், இந்த ஆட்டைக் காப்பாத்தத்தான். மஸ்ஜித் இந்தியாவுல பூ வாங்கிட்டு கார்ல கிளம்பினா அரை மணி நேரம். அவ்வளவு பக்கத்துல இருக்கிறதை எங்க குழுவில ஒருத்தர்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனா அதோட எண்ணெய் எங்க கிடைக்கும்னு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு.

இப்போ பக்தர்களா நமக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

முருகனோட வாகனம் எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட மயில்னு சொல்லும். சரிதான். ஆனா மயில் எப்போ வந்துச்சு? சூரசம்ஹாரத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி, குழந்தை முருகன் முதல் முதலா ஏறின வாகனம் ஆட்டுக்கடா. கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணத்துல 'தகரேறு படலம்'னு இதுக்குன்னே ஒரு படலம் இருக்கு. தகர்னா ஆட்டுக்கடா. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி வந்த திருமுருகாற்றுப்படையிலயும் முருகனுக்கு ஆட்டுக்கடா சொல்லப்பட்டிருக்கு. பழைய கோயில்கள்ல உற்சவத்துக்கு ஆட்டுக்கடா வாகனம் இருக்கிறதை ஊருக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க.

கதை உங்கள்ல பல பேருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றோம். நாரதர் ஒரு வேள்வி செய்யறார். மந்திரத்துல பிழை வந்து, வேள்வித் தீயிலிருந்து பயங்கரமான ஆட்டுக்கடா ஒண்ணு கிளம்பிடுது. மூவுலகமும் அலறுது, தேவர்கள் ஓடுறாங்க. முருகன் வீரவாகுத் தேவரை அனுப்பி அதைப் பிடிச்சிட்டு வரச் சொல்லி, அது முதுகுல ஏறி உலகத்தையே சுத்தி வர்றார். இது வரைக்கும் எல்லாரும் சொல்ற கதை. அதுக்கு அப்புறம் வர்றதைத்தான் நாம வேகமாத் தாண்டிப் போயிடறோம். நாரதர் வந்து, வேள்வியை முடிக்கணும், அந்த ஆட்டைக் கொடுங்கன்னு கேட்கிறார். முருகன் கொடுக்கலை. இது கொல்றதுக்கு உரியது இல்லை, இது என் வாகனம், உன் வேள்வியோட பலன் உனக்கு முழுசா கிடைக்கும்னு சொல்லி அனுப்பிடறார்.

யோசிச்சுப் பாருங்க. கேட்டவர் நாரதர், காரணம் வேள்வி. அப்பவும் சுவாமி ஆட்டைக் கொடுக்கலை. நாம முட்டி வலிக்காக 35 வெள்ளி கொடுத்து அதையே கேட்கிறோம்.

"புராணத்துல வந்த ஆடும் இந்தச் செரோவும் ஒண்ணா?"ன்னு எங்க குழுவிலயே ஒரு மாமா கேட்டார். ஒண்ணுன்னு நாங்க சொல்லலை. விஞ்ஞானப்படி பார்த்தா செரோ முழு ஆடுகூட இல்லை, ஆட்டுக்கு உறவு, அவ்வளவுதான். தமிழ்நாட்டு வரையாடுகூட மரபணுவுல செம்மறிக்குத்தான் நெருக்கம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. எங்க வாதம் அது இல்லை. குறிஞ்சி நிலத் தெய்வம்னு நாம கும்பிடுறோம். மலைதான் அவர் வீடு. அந்த மலையில வாழற ஆட்டு இனம் ஒண்ணு இந்த நாட்டுல, நாம ரதம் இழுக்கிற ஊர் ஓரத்துல, இன்னும் உயிரோட இருக்கு. வேலுக்குப் பால் ஊத்துற கையால அதோட கொழுப்பை வாங்கித் தேய்க்கிறது நமக்குப் பொருந்துமான்னு மட்டும்தான் கேட்கிறோம்.

வரையாடுன்னு சொன்னதும் ஒரு விஷயம். சங்க இலக்கியத்துல வருடைன்னு வர்றது அதுதான். தமிழ்நாட்டோட மாநில விலங்கு. ஒரு காலத்துல மேற்கு மலைத்தொடர்ல நிறைய இடத்துல இருந்துச்சு, வேட்டையாலயும் புல்வெளி அழிஞ்சதாலயும் பல மலைகள்ல இல்லாமலே போச்சு. தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல ஒதுக்கி அதுக்குன்னு தனித் திட்டம் போட்டிருக்கு. 1975-ல அதைப் பத்தின ஆரம்பகால ஆய்வுகள்ல ஒண்ணைச் செஞ்ச ஈ.ஆர்.சி. தாவீதார் நினைவா அக்டோபர் 7-ஐ வரையாடு தினமா வச்சிருக்காங்க. 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031 ஆடு. அடுத்த வருஷம் 1,303. மூணாறு பக்கத்துல கேரளாவோட எரவிகுளம் தேசியப் பூங்காவுல குட்டி போடற காலத்துல, பிப்ரவரி மார்ச் வாக்கில, சுற்றுலாக்காரங்களை உள்ளேயே விடறதில்லை. டிக்கெட் காசு போனாப் பரவாயில்லை, தாயும் குட்டியும் நிம்மதியா இருக்கட்டும்னு மூடிடறாங்க. ஜப்பான்லயும் செரோ வகை ஒண்ணு உண்டு, வேட்டையாடி முடியப் போற நிலைக்கு வந்துச்சு. 1955-ல சிறப்பு இயற்கைச் சின்னமா அறிவிச்சுக் காப்பாத்தினாங்க, இன்னைக்கு அங்க நல்லாப் பெருகியிருக்கு. ஆக, விட்டா பிழைச்சுக்கும். விடணும்.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு, குறை சொல்ல முடியாது. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல செரோ முழுப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. வேட்டையாடினா சாதாரணத் தண்டனை இல்லை, புலி, காண்டாமிருகம் மாதிரி சில மிருகங்களுக்குன்னு தனியா வச்சிருக்கிற கடுமையான தண்டனை. இறைச்சி, கொம்பு, எண்ணெய்னு அதோட எந்தப் பாகத்தையும் அனுமதி இல்லாம வச்சிருக்கிறதும் குற்றம். அப்படிப் பார்த்தா அன்னைக்குப் பந்தல்ல நாங்க எல்லாரும் குற்றவாளிங்கதான், அந்தக் குப்பிக்குள்ள இருந்தது நிஜமா இருந்திருந்தா.

அதுவும் ஒரு விஷயம். நிஜமா இல்லைன்னா, 35 வெள்ளிக்குக் கற்பூரம் போட்ட ஏதோ ஒரு எண்ணெய். நம்ம வீட்டுப் பாட்டி அஞ்சு வெள்ளியில காய்ச்சிடுவாங்க. நிஜம்னா ஒரு ஆடு கம்பிக் கண்ணியில மாட்டிச் செத்திருக்கு. தேங்காய் உடைக்கிறப்போ உள்ளே அழுகலா நல்லதான்னு பார்த்து வாங்குறவங்க நாம. இதுல எப்படிப் பார்த்தாலும் அழுகல்தான். போலியை வாங்கினாலும், இந்தப் பேருக்கு மவுசு இருக்குன்னு கண்ணி வைக்கிறவனுக்குத் தெரிஞ்சு போகுது.

கமெண்ட்ல ரெண்டு விஷயம் வரும்னு தெரியும். இப்பவே சொல்லிடறோம். ஒண்ணு, விக்கிறவர் எந்த இனம், எந்த நாட்டுக்காரர்னு ஆரம்பிக்காதீங்க. நாங்க கேட்கலை, கேட்கவும் போறதில்லை. அவர் வயித்துப் பிழைப்புக்கு நிக்கிறார். வாங்குற கை நம்மோடது. ரெண்டாவது, "முனீஸ்வரர் கோயில்ல கிடா வெட்டுறாங்களே, அதைக் கேட்டீங்களா?"ன்னு வருவீங்க. அது பெரிய விவாதம், எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி இருக்கு. வீட்டுல வளர்க்கிற ஆடு உலகத்துல கோடிக்கணக்குல இருக்கு. இது அப்படி இல்லை. அதை வேற நாள் பேசலாம்.

மலை ஏறப் போற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. கிள்ளான் கேட்ஸ் பக்கம் போனா ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போடாதீங்க, அது முருகன் பாட்டா இருந்தாலும் சரி. சாப்பிட்ட பொட்டலத்தைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. பாறைக்கு அடியில திருநீறு பூசி, பிளாஸ்டிக் மாலை போட்டு, புதுசா ஒரு சந்நிதி ஆரம்பிச்சிடாதீங்க. நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, மறுக்காதீங்க. கம்பிக் கண்ணி எதையாவது பார்த்தா கையை வைக்காம இடத்தைக் குறிச்சுக்கிட்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்க.

வர்ற தைப்பூசத்துக்கு எங்க பந்தல்ல மோர், பானகத்தோட முட்டி வலிக்குன்னு ஒரு மேசை போடலாம்னு பேசி வச்சிருக்கோம். ஐஸ் பொட்டலம், கட்டுத்துணி, சாதாரண நல்லெண்ணெய். பிசியோதெரபி படிச்ச பிள்ளைங்க யாராவது ரெண்டு மணி நேரம் உட்கார முடியும்னா உள்பெட்டியில சொல்லுங்க. வயசானவங்க படி ஏற எத்தனை தடவை சரி, எப்போ நிறுத்தணும்னு சொல்ற ஒரு ஆள் இருந்தாலே பாதி வீக்கம் வராது.

அண்ணன் இப்போ கிளினிக் போறார். டாக்டர் மூணு மாசம் படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பூத் தொடுக்கிறார், எங்க எல்லாரையும் அதட்டிக்கிட்டே. குப்பியை என்ன பண்ணீங்கன்னு கேட்டோம். "லேபிளை மட்டும் கிழிச்சு வச்சிருக்கேன். அந்த ஆட்டு மூஞ்சியைப் பார்த்தா தூக்கிப் போட மனசு வரலை"ன்னார்.