திண்ணையை எடுக்க எந்தக் காமிரா?

திருவரங்கத்து வீதிகளைப் படமெடுக்க விரும்பும் இளைய நண்பர் ஒருவர், பழைய யாஷிகா எலெக்ட்ரோ 35 விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், மீடியம் பார்மட் வாங்குங்கள் என்றேன். உடனிருந்த இலக்கிய நண்பர்கள் பாய்ந்துவிட்டார்கள். லைக்காவோடு இந்தியாவெங்கும் அலைந்த கார்த்தியே ப்ரெஸ்ஸோனை நான் அறியாதவன் என்பது அவர்கள் தீர்ப்பு.

அறிவேன். ஒரு சுருளில் 36 படங்கள். ஓசை எழாத ஷட்டர். இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகக் கூடினால் ஃபோகஸ் சரி என்னும் எளிமை. வைகுண்ட ஏகாதசி நெரிசலுக்கும் ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறைக்கும் ரேஞ்ச்ஃபைண்டரே உகந்தது. ஆனால் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் இன்று அழிந்துகொண்டிருப்பவை பொருள்கள். திண்ணை, அதைத் தாங்கும் மரத்தூண், விளக்கு மாடம், நிலைக்கதவின் செதுக்கு வேலை. வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்ப முடிவாகிவிட்டால் சில நாட்களில் எல்லாம் மண்மேடு. 1987இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரம் எங்கும் போய்விடாது. எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

லின்னேயஸ் ட்ரைப் 1858இல் திருச்சி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியவை ஓரடிக்கு மேல் அகலமான, மெழுகேற்றிய காகித நெகடிவ்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அப்படங்களில் கல்லின் வேலைப்பாட்டை நிதானமாக ஆராய முடிகிறது. அவற்றில் மனிதர்களே இல்லையே என்பார்கள். நியாயமான ஆட்சேபம். அன்றைய நெகடிவ் ஒளியை வாங்க நெடுநேரம் பிடித்தது; நடமாடியவர்கள் பதியவில்லை. இன்றைய 400 வேகப் படச்சுருளுக்கு அந்தத் தடை கிடையாது. திண்ணையும் பதியும், அதில் அமர்ந்திருக்கும் பாட்டியும் பதிவார்.

கணக்கும் என் பக்கமே. 35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் பரப்பு 24க்கு 36, அதாவது 864 சதுர மி.மீ. 120 சுருளின் சதுரப் படம் 56க்கு 56, பரப்பு 3136. மூன்றரை மடங்குக்கும் மேல். செதுக்கு வேலையின் நுட்பம் நிற்பதும் கரைவதும் இந்த வேறுபாட்டில்தான்.

மீடியம் பார்மட் பணக்காரர் விளையாட்டு என்றார் ஒருவர். ஹாஸல்பிளாட், மாமியா 7 என்று பார்த்தால் உண்மைதான். ஆனால் பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் III எதில் படமெடுத்தது? இதே 120 சுருளில், 12 சதுரங்களாக! நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் சின்னஞ்சிறு சதுரப் படங்கள் பல அந்த டப்பாக் காமிராவின் கொடை. (அதன் எளிய லென்ஸில் நுட்பம் தேடக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொன்று உண்டு, என்னளவில் அதுவே முதன்மையானது. சிறிய காமிரா எதிராளி அறியாமல் எடுத்துவிட்டு நகரத் தூண்டுகிறது. கோலமிடும் பெண், புகைக்கு நடுவே அர்ச்சகர் என்று சலித்துப்போன படங்கள் அப்படித்தான் குவிகின்றன. வீட்டு வாசலில் முக்காலியை விரித்து, இரட்டை லென்ஸ் காமிராவின் மேல்கண்ணாடியில் தலைகுனிந்து பார்ப்பவன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். கேட்டால் பேச்சு வரும். தூண் எப்போது வந்தது, திண்ணையில் யாரெல்லாம் படுத்துறங்கினார்கள் என்ற கதைகள் வரும். பன்னிரண்டே படங்கள் என்பதால் அவசரப்படவும் முடியாது.

நண்பர் இப்போது பழைய யாஷிகா மாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்குமுன் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒளிமானி தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் மறைக்கவில்லை.