மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

ஊர்ப் பெரியவர்களே, அக்கம்பக்கத்துச் சொந்தங்களே,

போன வாரம் கீழத்தெருவில் ஒரு பையனைத் திண்ணைத் தூணில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம். கணுக்காலில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு லேத் பட்டறை வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்த பையன் அவன். பெண் பார்க்கத் தொடங்கியதும், "மாத்திரை விஷயம் தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? நல்லாத்தானே இருக்கான், நிறுத்திடுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். நிறுத்தினார்கள். சில மாதங்களில் காதில் குரல்கள் திரும்பிவிட்டன. யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தத் திண்ணைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

அவன் நன்றாக இருந்ததே மாத்திரையால்தான். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கைப் பாருங்கள்: மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 100-க்கு 27 பேருக்கு. மருந்து நின்றவர்களில் 64 பேருக்கு!

மூளையை மழுங்கடிக்கும் மருந்து என்கிறீர்கள். ஆனால் மருந்தே இல்லாத 1930-களில் இன்சுலின் ஏற்றி நினைவிழக்கச் செய்தார்கள், மூளை நரம்புகளை வெட்டினார்கள். அந்த அறுவையைத் தொடங்கிய மருத்துவர் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1952-இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகே நிலைமை மாறியது. அதில் கைநடுக்கமும் விறைப்பும் வந்தன, உண்மை. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற புதிய மருந்துகள் வந்தபின் அவை குறைந்தன; ஆனால் ஒலான்சபினில் எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன. எங்கள் வீடுகளில் தினமும் பார்ப்பதுதான், மறைக்கவில்லை. அதற்கு மருத்துவர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாத ஊசி இருக்கிறது. மற்ற மருந்துகள் பலிக்காதவருக்கு, ரத்தப் பரிசோதனையோடு, குளோசபின் இருக்கிறது: 1988 ஆய்வில் பழைய மருந்தில் 4 சதவீதம் பேர் தேறினார்கள், இதில் 30 சதவீதம் பேர்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 நோயாளிகள் கட்டிய சங்கிலியோடு எரிந்து செத்தார்கள். அதற்குப் பிறகும் நம் தெருவில் சங்கிலியா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

மருந்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், இலவசம். அந்தப் பையனின் வீட்டாரிடம் யோசனை சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடித்துக் கொடுங்கள். இனி எந்த வீட்டில் சங்கிலியைக் கண்டாலும் முதலில் நாங்கள் போய்ப் பேசுவோம். அவிழ்க்காவிட்டால் புகார் கொடுப்போம். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களின் பெயரும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தினர்