தினம் பார்க்கும் மலை. ஏறிப் பார்க்காத மலை!

திண்டுக்கல்லுக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும், ஊர் வருவதற்கு முன்பே பாறை வந்துவிடும். ரயிலில் வருகிறவர்களுக்கும் அதுதான் அடையாளம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அதுதான் அடையாளம். ஊரின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. திண்டு போலக் கிடக்கும் கல். ஆகவே, திண்டுக்கல்!

அந்தத் திண்டின் மேல் ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கடைவீதியில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் வேடிக்கையான பதில்கள் கிடைக்கும். "பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாத்தியார் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார்" என்பார் ஒருவர். "வெளியூர் மாப்பிள்ளை வந்தபோது போனது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "தினம் கீழேயிருந்து பார்க்கிறோமே, போதாதா?" என்பார்.

இதே மனிதர்கள் இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுவார்கள். காரில் ஏறுவார்கள். காரிலேயே மலையைச் சுற்றுவார்கள். காரிலேயே இறங்குவார்கள். கால் மட்டும் மலையில் படாது! அங்கே கூட்டம் தாங்க முடியாமல், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு போகும் நிலைமை வந்தது.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாறைக்குப் பாஸும் வேண்டாம், காரும் வேண்டாம். சீட்டு வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் நடந்தால் உச்சி!

சாமி இறங்கியது

நம் ஜனங்கள் மலை ஏறத் தெரியாதவர்கள் அல்ல. மேலே சாமி இருந்தால் ஏறுவார்கள். பழனியில் ஏறுகிறார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே, கீரனூர் அருகே கொண்டரங்கி மலை இருக்கிறது. கூம்பு மாதிரி நிற்கும் மலை. சில இடங்களில் சுவரில் ஏறுவது போலத்தான் ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனர் இருக்கிறார். அதனால் கிழவிகள்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.

திண்டுக்கல் பாறை மேலும் கோயில் உண்டு. ஆனால் கருவறையில் மூர்த்தி இல்லை. கோட்டை போர்க்களமாக இருந்த காலத்தில் சாமியைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. இன்று ஊருக்கு நடுவே அபிராமி அம்மன் கோயிலில் கூட்டம் நெரிகிறது. பௌர்ணமிக்குப் பாறையைச் சுற்றிக் கிரிவலமும் வருகிறார்கள். சுற்றுகிறார்கள், ஏறுவதில்லை.

சாமி இறங்கியது. ஜனங்களும் ஏறுவதை விட்டார்கள்.

மேலே போனால்தான் புரியும்

கோட்டையின் கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1605-ல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டினார். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். 1755-ல் மைசூர் ராஜ்யம் ஐதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பியது. பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அவர் ஆயுதசாலை அமைத்தது இங்கேதான். மைசூரையே ஆளப்போகிற மனிதர், ஆட்சியைப் பழகிக்கொண்டது இந்தப் பாறையின் நிழலில்!

அப்புறம் பந்து விளையாட்டுதான். 1767-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். 1768-ல் ஐதர் மீட்டார். 1783-ல் மறுபடி வெள்ளைக்காரர்கள். அடுத்த ஆண்டே உடன்படிக்கைப்படி மைசூருக்குத் திரும்பியது. 1790-ல் மறுபடி முற்றுகை. 1792-ல் நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போயிற்று.

இந்த ஆண்டுகளைப் பரீட்சைக்காக உருப்போட்ட மாணவர் எத்தனையோ பேர். ஆனால், இத்தனை பட்டாளங்கள் இந்த ஒரு கல்லுக்காக ஏன் அடித்துக்கொண்டன என்று கேட்டால் விழிப்பார்கள். புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மேலே போய் நின்றால் போதும். மேற்கே பழனி மலைத் தொடர் சுவர் வைத்தாற்போல நிற்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் சிறுமலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல். மதுரைக்குப் போகும் ரோடும் ரயிலும் அந்த வாசல் வழியாகத்தான் ஓடுகின்றன. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கு வரும் எந்தப் படையும் இந்தப் பாறையின் கண்ணில் படாமல் நுழைய முடியாது. வாத்தியார் ஒரு வருஷம் சொல்ல வேண்டியதை, மலை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது.

பாறையும் ஒரு பாடம்தான். இந்த வட்டாரத்துப் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்குள் பல மைல் ஆழத்தில் வெந்து இறுகியவை. மேலே கிடந்த பாரமெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போன பிறகு, கெட்டியானது மட்டும் தலை நீட்டி நிற்கிறது. பாரம் குறைந்ததால் பாறை அடுக்கடுக்காக உரிகிறது. வெங்காயத்தை உரிப்பது போல! சின்ன வெங்காய மண்டிக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஏறியவர் கண்டது

பழனிக்குப் பக்கத்தில் ஐவர் மலை இருக்கிறது. அங்கே இயற்கையான குகைத் தாழ்வாரத்தின் மேல் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு கல்வெட்டு. சக ஆண்டு 792 என்றும், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் அதில் வெட்டியிருக்கிறது. அதாவது, கி.பி. 870.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பாண்டியர் கல்வெட்டுகளில் பொதுவாக அரசனின் ஆட்சியாண்டு மட்டும்தான் இருக்கும். அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு வரியில் இரண்டு கணக்கும் சேர்ந்து இருக்கிறது. வரகுணன் 862 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று தெரிந்தது. அதை ஆணியாக அடித்து வைத்துத்தான், முன்னும் பின்னும் இருந்த பாண்டியர்களின் காலத்தைக் கணக்கிட முடிந்தது.

யாரோ ஏறினார். யாரோ படித்தார். அவ்வளவுதான். யாரும் ஏறாமல் இருந்து, ஒரு வெடியில் அந்தப் பாறை ஜல்லியாகிப் போயிருந்தால்?

கல்லாங்குத்து

இது வெறும் கற்பனை அல்ல. சமவெளியில் நிற்கும் மொட்டைப் பாறைகளுக்கு ரெவின்யூ கணக்கில் கிடைக்கும் மரியாதை என்ன தெரியுமா? "பாறை", "கல்லாங்குத்து", "தரிசு", "புறம்போக்கு". உழ முடியாது, தீர்வை வராது. ஆகவே ஒன்றுக்கும் உதவாத நிலம். ஒன்றுக்கும் உதவாததைக் குவாரிக்கு ஏலம் விடுவதில் யாருக்கு ஆட்சேபம் இருக்கப்போகிறது? பக்கத்து மதுரை மாவட்டத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்ட கதை ஊரறிந்தது. 2014-ல் உயர் நீதிமன்றமே சகாயம் என்ற அதிகாரியை நியமித்து விசாரிக்கச் சொல்லும் அளவுக்குப் போயிற்று.

அதே மதுரை மாவட்டத்தில் இன்னொரு கதையும் உண்டு. அரிட்டாபட்டி. அங்கே சமணர் படுகை, தமிழ்ப் பிராமி எழுத்து, குடைவரைக் கோயில் எல்லாம் உள்ள குன்றுகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த ஊரையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. ஊர் திரண்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது.

அரசு ஆணை மட்டும் அந்தக் குன்றைக் காப்பாற்றியதா? ஆணை கையில் இருக்கும்போதுதானே ஏலமும் நடந்தது! ஆடு மேய்க்கிறவர், சுனைத் தண்ணீர் எடுக்கிறவர், சாமி கும்பிடுகிறவர், பறவை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் என்று தினமும் கால் பட்ட குன்று அது. ஒவ்வொரு பாறைக்கும் ஊராரிடம் ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது.

வெள்ளைக்காரன் நாட்டில்

இங்கிலாந்தில் "மூர்" என்று சொல்லும் மேட்டு நிலங்கள் உண்டு. மரம் இல்லாத புல்வெளி. உச்சியில் துருத்தி நிற்கும் பாறைகள். பிரபுக்கள் அவற்றை வேலி போட்டு வைத்திருந்தார்கள். எதற்கு? வருஷத்தில் சில நாள் பறவை வேட்டையாட! 1932 ஏப்ரல் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மில் புகையில் வாரமெல்லாம் இருமிய மான்செஸ்டர் தொழிலாளிகள் சில நூறு பேர், கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுக்குத் தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து இளைஞர்களுக்கு ஜெயில்.

விளைவு என்ன? 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அந்த மேடு இருக்கும் பிரதேசத்திலேயே அமைந்தது. 2000-ம் ஆண்டு சட்டம், சட்டப்படி குறிக்கப்பட்ட மலைகளிலும் மூர்களிலும் யாரும் நடக்கலாம் என்று உரிமையே கொடுத்துவிட்டது.

நடப்பதற்காக அவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். திண்டுக்கல் கோட்டைக்குப் போக நாம் படி ஏறவே யோசிக்கிறோம்!

எல்லா மலையும் அல்ல

எங்கே வேண்டுமானாலும் ஏறுங்கள் என்று சொல்ல முடியாது. சிறுமலையின் காடும் அய்யலூர்ப் பக்கத்துக் காடும் வனத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அய்யலூர், கடவூர்க் காடுகளில் தேவாங்குக்கென்றே 2022-ல் சரணாலயம் ஏற்பட்டிருக்கிறது. இரவில் விழித்திருக்கும் அந்தச் சாதுவான பிராணிக்கு மனிதர்களின் உல்லாசப் பயணம் தேவையில்லை. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது ஆபத்தும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறிகள் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் சர்க்காரே நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அவை பெரும்பாலும் பெரிய மலைகள். ஊர் எல்லையில் நிற்கும் சிறு பாறைகளை அந்தப் பட்டியலில் தேடிப் பிரயோஜனமில்லை. அவற்றுக்கு ஊர்க்காரர்கள்தான் வழிகாட்டி.

ஏறுகிறவர்களிலும் ஒரு கூட்டம் உண்டு. கோட்டைச் சுவரில் ஆணியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவிட்டு வரும் வீரர்கள்! நானூறு வருஷச் சுவர் இவர்கள் காதலுக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். பாட்டிலை உடைத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் மோசம். ஆனால் இதற்குப் பரிகாரம் வாசலைப் பூட்டுவது அல்ல. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் இந்தச் சேட்டை நடக்கும். குடும்பம் குழந்தைகளோடு நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தால், பாட்டிலோடு வருகிறவன் தானாகத் திரும்பிவிடுவான்.

பள்ளிக்கூடங்கள் வருஷம் ஒரு தடவை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனால் பஸ் செலவுகூட இல்லை. பெண் பிள்ளைகளுக்கு எதற்கு மலை என்று யாராவது கேட்டால், வேலு நாச்சியார் படை திரட்டக் காத்திருந்தது இதே மாவட்டத்து விருப்பாட்சியில்தான் என்று சொல்லலாம். உச்சியில் ஒரு பலகை வைத்து, எந்தத் திசையில் எந்த மலை என்று எழுதினால் இன்னும் நல்லது. கிராமங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. ஊர்ப் பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எது, சுனை எங்கே, அதன் பெயர் என்ன என்று ஒரு தீர்மானத்தில் எழுதி வைக்கலாம். ஏல அறிவிப்பு வந்த பிறகு எழுதுவதைவிட, அதற்கு முன்னால் எழுதினால் மதிப்பு அதிகம்.

போகிறவர்கள் வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல்லாகிவிடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். மழை பெய்த அன்று வேண்டாம், வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஜாக்கிரதை தேவை. கீழே வந்ததும் பசி எடுக்கும். திண்டுக்கல்லில் அதற்கு மட்டும் குறைவில்லை.