பீச்சில் பீச் இல்லை!

நியூஜெர்ஸியிலிருந்து அண்ணன், அண்ணி, பேரன் (வயது 9), பேத்தி (வயது 6) நால்வரும் மூன்று வார லீவில் தாம்பரம் வந்து இறங்கினார்கள். மொத்தம் 21 நாள். இதில் ஜெட்லாக் கழிவு 4. அண்ணியின் பிறந்த வீட்டுக்கு 5. ஷாப்பிங், பல் டாக்டர், பேரனின் வயிற்றுக் கோளாறு வகையில் 5. ஆக, தாத்தா பாட்டிக்கு நிகர இருப்பு 7 நாள். பி.காம். படித்தவனுக்குப் பாசம்கூட இப்படித்தான் கணக்கு வரும். மன்னித்து விடுங்கள்.

அந்த ஏழில் ஒரு நாள், அப்பாவுக்கு 75-வது பிறந்தநாள்.

"ஸ்டார் ஓட்டல்ல பஃபே லன்ச்சுக்குச் சொல்லிடலாம்ப்பா" என்றான் அண்ணன்.

"ஆளுக்கு எவ்வளவுடா?"

"ரெண்டாயிரம்தான்."

அப்பா எழுந்து போய் பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார். "பிறந்தநாள் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப நான் சொல்ற இடத்துக்குப் போவோம். எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல பீச் வரைக்கும் போயிட்டு வருவோம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு ஒரு குறை உண்டு, வெளியில் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அமெரிக்காவிலிருந்து வீடியோ கால் வரும். "ஹவ் ஆர் யூ?" "ஃபைன் தாத்தா." "ஸ்கூல்?" "குட்." "சாப்ட்டாச்சா?" "யா." அவ்வளவுதான். நாற்பது செகண்டில் ஸ்டாக் தீர்ந்துவிடும். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படித்த பேப்பரையே மறுபடி படிப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டே விட்டார்: "அதுங்ககிட்ட என்னத்தடா பேசறது?" எனக்கும் பதில் தெரியவில்லை.

ஞாயிறு காலை கிளம்பினோம். பெரியவர்கள் ஆறு பேருக்கு ரிட்டர்ன் தலா 20 ரூபாய், குழந்தைகளுக்கு அரை டிக்கெட். மொத்தம் 140 ரூபாய். "இது ஒரு ஆளுக்கா?" என்று கேட்டான் அண்ணன். பாவம், ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. பேத்தி கையில் பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டி. பீச்சுக்கல்லவா போகிறோம்!

வண்டி நகர்ந்தது. ஜன்னல் சீட்டைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "சானடோரியம்" என்றார். சானடோரியம் வந்தது. "குரோம்பேட்டை" என்றார். வந்தது. பல்லாவரம் வருவதற்குள் பேரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். பேத்தி, தாத்தா கண்ணைத் திறக்கிறாரா என்று மூக்கோடு மூக்கு வைத்துச் சோதித்தாள். ஒவ்வொரு வளைவும் அவர் முதுகுக்குத் தெரியும் சார். 33 வருஷம் அதே லைனில் ஆபீஸ் போனவர்.

"1931-லேயே இது கரண்ட்ல ஓடின லைன். என் காலத்துல பூரா மீட்டர் கேஜ். 2004-லதான் அது நின்னுது" என்றார். பேரனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "தாத்தா எவ்ளோ தூரம் போயிருப்பார்?" என்று மட்டும் கேட்டான். நம் சப்ஜெக்ட் ஆயிற்றே! செல்போனை எடுத்தேன். தாம்பரம் டூ பீச் 29 கிலோமீட்டர். போக வர 58. வருஷத்துக்கு 300 நாள், 33 வருஷம். மொத்தம் 5,74,200 கிலோமீட்டர்.

"பூமியிலேர்ந்து நிலாவே 3,84,400 கிலோமீட்டர்தான்டா!"

பேரன் ஒரு நிமிஷம் யோசித்தான். "அப்போ தாத்தா மூனுக்குப் போயிட்டு, பாதி வழி திரும்பி வந்துட்டார்!"

"பாதியில ஏன் நின்னுட்டேன்னு கேளு" என்றார் அப்பா. "ரிடையர் பண்ணிட்டாங்க."

எதிர் சீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அம்மா மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கிக் கொடுத்து, பேரனைக் கண்ணீர் விட வைத்தாள்.

பதினெட்டாவது ஸ்டேஷன், பீச். பேத்தி வாளியோடு குதித்து இறங்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு பக்கம் பர்மா பஜார், இன்னொரு பக்கம் துறைமுகம்.

"பீச் எங்கே தாத்தா?"

நியாயமான கேள்வி. அப்பா ரோட்டைக் காட்டினார். "இந்த ராஜாஜி சாலைக்கு அந்தக் காலத்துல ஃபர்ஸ்ட் லைன் பீச்சுன்னு பேரு. கடல் இங்கேதான் இருந்தது. ஹார்பர் கட்டினதும் தள்ளிப் போயிடுச்சு. பேர் மட்டும் இங்கேயே நிக்குது."

சொல்லிவிட்டு அண்ணனை ஒரு தடவை பார்த்தார். அண்ணன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான். லேஸ் அவிழவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

அப்புறம் ரெண்டு ஆட்டோ பிடித்து மெரினாவுக்குப் போனோம். துறைமுகத்தால் வடக்கே போகாமல் தேங்கிய மணல்தான் மெரினாவை இவ்வளவு அகலமாக்கியது என்று அப்பா நடந்துகொண்டே சொன்னார். 75 வயதில் பேண்ட்டை மடித்துக்கொண்டு அலையில் நின்றார். வாளிக்கும் வேலை வந்தது. அம்மா, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே, சேலையை முழங்கால் வரை நனைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பேத்தி தாத்தாவின் மடியில். "ஸே இட் அகெய்ன் தாத்தா!" தாம்பரம் வரை ஸ்டேஷன் பாராயணம்தான். பழவந்தாங்கலில் மட்டும் சிக்கல். 'ழ' வரவில்லை. "பரவால்லம்மா, இங்கேயே பாதிப் பேருக்கு வராது" என்றார் அப்பா.

லீவு முடிந்தது. ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் திரிசூலம் ஸ்டேஷன் போர்டைப் பார்த்த அப்பா, வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு வீடியோ கால். "ஹவ் ஆர் யூ?" "ஃபைன் தாத்தா." போனை அம்மாவிடம் நீட்டப் போனார் அப்பா. "வெயிட் தாத்தா!" என்றாள் பேத்தி. கண்ணை மூடிக்கொண்டாள். "தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், மவுன்ட்..."

"இரு இரு! நடுவுல ஒண்ணை விட்டுட்டே!"

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பதினெட்டும் முடிய ஆறு நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரம் அப்பா யாரோடும் போனில் பேசி நான் பார்த்ததில்லை.

போனை வைத்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை வரப்போ அரக்கோணம் லைன்ல கூட்டிட்டுப் போவோம்டா."

"அங்கே என்னப்பா இருக்கு?"

"ஸ்டேஷன் ஜாஸ்தி!"