சென்சார் மேல் பழி போடலாமா?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் தொழிலில் அந்தக் கூடத்துக்குப் பெயர் சென்சார். மைலேஜ் குறைந்தால் "சென்சார் போச்சு". பிக்கப் இல்லையென்றால் "சென்சார் போச்சு". டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் கேட்கவே வேண்டாம்! அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மே மாத லீவில் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். என் அப்பா முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஒர்க்‌ஷாப்பில் பையன்கள் என்னை "இன்ஜினியரே" என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது.

ஒருநாள் புதுச்சேரியிலிருந்து ஒரு டர்போ பெட்ரோல் கார் வந்தது. லோன் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியவர், ஆசைக்குக் காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர் ஒன்றையும் தனி சென்சாரோடு மாட்டியிருந்தார். ஐட்லிங்கில் மீட்டர் 17 காட்டுகிறது. செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரைப் போட்டேன். பி-0171, அதாவது கலவை லீன் என்று வந்தது. உடனே தீர்ப்பு சொல்லிவிட்டேன்: "அண்ணா, வண்டியோட ஆக்சிஜன் சென்சார் போச்சு."

கடை அண்ணன் தயங்கினார். வண்டிக்காரர்தான், "டிப்ளமோ படிக்கிற தம்பி சொல்லுது, மாத்திடுங்க" என்றார். ஒன்பதாயிரம் ரூபாய். மாற்றினோம். இரண்டே நாளில் அதே விளக்கு, அதே 17!

வண்டியின் சென்சார் ஒன்று, மீட்டரின் சென்சார் இன்னொன்று. இரண்டும் லீன் என்றுதான் சொல்லின. இரண்டு சாட்சி ஒரே பேச்சு பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பொய் சொல்வார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய கடை அண்ணனுக்குத் தோன்றியது. பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். "இன்னாடா தம்பி இது? மிஷின் பெட்ரோல் கம்மிங்குது, பிளக்கு கரி அப்பிக் கெடக்கு. எங்கியோ காத்து பூருது."

மறுநாள் காலை இன்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் லேசாக அடைத்து, பைப் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். டர்போவிலிருந்து இறங்கும் பைப்பின் ஜாயின்டில் குமிழி குமிழியாக வந்தது. பேக்கிங் போயிருந்தது! பக்கத்திலேயே மெல்லியதாய் ஒரு கரிக்கோடு. நான் மூன்று நாள் அந்த வண்டிக்கடியில் படுத்தவன், பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் என்று பரீட்சைக்குப் படிக்கிறோம். ஆனால் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறது. ஐட்லிங்கில் புகை துடித்துத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே பைப்பில் அழுத்தம் இறங்க, ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து நேர்மையாகச் சொல்கிறது. அதை நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. இனிமேல் கூட்ட முடியாது என்ற எல்லை வந்ததும் விளக்கை எரிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே அழுத்தம் கூடி ரீடிங் ஒழுங்காகிவிடும். இந்த ஒரு அடையாளமே போதும், ஓட்டையைத் தேட!

பிளக் ஒன்று அடிக்காமல் போனாலும் இதே கூத்துதான். அந்த சிலிண்டரின் ஆக்சிஜன் எரியாமல் வெளியே வரும், மீட்டர் லீன் என்னும்.

அப்படியானால் சென்சார் கெடவே கெடாதா? கெடும். சிலிக்கான் பேஸ்ட் ஆவி பட்டால், இன்ஜினில் ஆயில் எரிந்தால், பைப்பில் தேங்கிய தண்ணீர் சூட்டோடு தெறித்தால் போய்விடும். 'போச்சு' என்று சொல்வதற்கு முன் ஃப்யூஸ், எர்த், ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் இவற்றைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். 0 முதல் 5 வோல்ட்டுக்குள் 10 முதல் 20 வரை காட்டும் மீட்டரில் கால் வோல்ட் எர்த் தவறு வந்தால் ரீடிங் அரை நம்பர் தப்பும். பிறகு சென்சாரைக் கழற்றி வெறும் காற்றில் பிடிக்க வேண்டும். மீட்டர் லீன் பக்கம் கடைசி வரை ஓடினால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். மீட்டர் சென்சாரின் கனெக்டரை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். அளவு சரிசெய்யும் ரெசிஸ்டர் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. "சென்சார் பொய் சொல்லுது, விடு" என்று ஓட்டுகிறோமே, அது இன்னும் மோசம். டர்போ பிரஷரில் இன்ஜினுக்கு 12 பக்கம் ரிச் கலவை வேண்டும். அங்கே நிஜமாகவே லீன் ஆனால் நாக்கிங் வந்து பிஸ்டன் உருகிவிடும்.

இப்போது புதுப்பழி எத்தனால் மேல். 2025-ல் நாடெங்கும் 20 சதவீதக் கலப்பு வந்ததும் "மீட்டர் கெட்டுடுச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெட்ரோலுக்குச் சரியான விகிதம் சுமார் 13.5. ஆனாலும் மீட்டர் 14.7 தான் காட்டும், ஏனென்றால் அது அளப்பது லாம்டா, அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அப்பா ஏற்றும் கரும்பு இப்படி என் பாடத்துக்குள் வந்து சேரும் என்று நினைக்கவில்லை!

"டர்போ காரெல்லாம் நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். முதல் லாம்டா சென்சார் வால்வோ காரில் வந்தது 1976-ல். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் வந்தது 1995-ல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு நம் ஊர்ப் பைக்கிலேயே ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. நம் லேபில் கார்ப்பரேட்டர் வெட்டு மாடல் பளபளவென்று இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் இந்த வருடம் பேரவை நிதியில் கேரம் போர்டுக்கு முன்னால் ஒரு ஸ்கேனர் வாங்கச் சொல்லிக் கேட்கிறேன். கூடவே ஓடுகிற இன்ஜின் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு ஜாயின்டைத் தளர்த்தி வைத்து நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் மட்டும் வந்தால் என்னைப் போல இன்னும் நாற்பது பேர் உருவாவோம், அவ்வளவுதான்.

அந்த ஒன்பதாயிரம்? எலெக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள். பாதியைக் கடை அண்ணன் ஏற்றுக்கொண்டார், பாதி வண்டிக்காரர் தலையில் விழுந்தது. என்னிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கழற்றிய சென்சாரை அண்ணன் என்னிடமே கொடுத்து, "காலேஜுக்கு எடுத்துட்டுப் போ, நல்லாத்தான் கீது" என்றார். ஹீட்டர் இன்னும் சரியான ரீடிங் காட்டுகிறது. இப்போது லேப் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. மல்டிமீட்டரோடு வாருங்கள், எடுத்துத் தருகிறேன்.