ஒரு சொல்லும் ஒரு சான்றிதழும்

பஞ்சாலையில் ஒருவர் பத்து வருஷம் உழைத்திருப்பார். மஸ்டர் ரோலில் அவர் பெயருக்கு எதிரே 'பதிலி' என்று எழுதியிருந்தால் அவர் பதிலிதான். உழைப்பு ஒன்றே, சொல் மாறினால் கூலி மாறிவிடுகிறது. தோழர்களே, மலை ஜனங்களின் வாழ்வை ஆட்டிப் படைக்கும் அப்படிப்பட்ட ஒரு சொல்லைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். அந்தச் சொல் 'ட்ரைப்'. தமிழில் பழங்குடி என்கிறோம்.

இது லத்தீன் மொழியின் 'ட்ரிபுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பண்டைய ரோமாபுரியில் வரி வாங்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், ஓட்டுப் போடவும் பிரஜைகளை வகுத்து வைத்த பிரிவுக்கு அந்தப் பெயர். பிற்காலத்து அறிஞர்கள் அதற்கு வேறு அர்த்தம் தந்தார்கள். 1877இல் மார்கனும் 1884இல் எங்கெல்சும், தனிச்சொத்தும் அரசும் தோன்றுவதற்கு முன்பு ரத்த உறவால் கட்டுண்டு வாழ்ந்த சமுதாயத்தை அச்சொல்லால் குறித்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளோ நம் மலைகளில் வாழ்ந்தவர்கள்மீது அதை ஒட்டினார்கள்.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். சோளக்காட்டிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தாரல்ல, மலையை ஆண்டு வாழும் தமிழ் பேசும் ஜனங்கள். சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். மிளகும் அன்னாசியும் விளைவிப்பவர்கள். இவர்கள் தோண்டும் மரவள்ளிக் கிழங்குதான் கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களே சொல்லும் வரலாறு. 1909இல் தர்ஸ்டனும் அதை நூலில் எழுதி வைத்தார். அப்படியானால் இவர்கள் 'ட்ரைப்' தானா என்று பண்டிதர்கள் விவாதிக்கலாம்.

சட்டம் விவாதிப்பதில்லை; பட்டியல் போடுகிறது. அரசியல் சாசனத்தின் 342ஆவது பிரிவின்படி, பட்டியலில் இருப்பவரே பழங்குடி. அதை மாற்றப் பார்லிமெண்டால் மட்டுமே முடியும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளிகளை தர்மபுரி, வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை ஜில்லாக்களில் மட்டும் பழங்குடி என்றது. கொல்லிமலை அப்போது சேலம் ஜில்லாவில் இருந்ததால், 1997இல் நாமக்கல் தனி ஜில்லா ஆன பிறகும் இங்குள்ளவர்களுக்கு உரிமை நிலைத்தது.

பர்கூர் மலையின் மலையாளிகள் செய்த பாவம் என்ன? அவர்கள் மலை அன்று கோவை ஜில்லாவில் இருந்தது. கோவை அந்தப் பட்டியலில் இல்லை. 1979இல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டுக்கும் அதே கதி. ஒரே ஜனங்கள், ஒரே உழைப்பு. நடுவே ஒரு ஜில்லா எல்லைக் கல்!

இது வெறும் ஏட்டு வழக்கல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலம் தன் அனுபவத்தில் இருந்ததைப் பழங்குடியினர் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவரோ மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுத்தறியாத பாட்டன் எந்தக் காகிதத்தை வைத்துவிட்டுப் போனான்?

பட்டியலில் பெயர் இருந்தாலும் தொல்லை ஓயாது. 1965இல் லோகுர் கமிட்டி பழங்குடிக்கு ஐந்து அடையாளம் சொன்னது: ஆதிகாலத் தன்மை, தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் கூச்சத்தைத் தேடினால் கிடைக்குமா? படித்தால் பழங்குடியல்ல, படிக்க வேண்டுமானால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? வழக்கமும் சடங்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை மட்டுமே உரைகல் ஆகாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அறிஞரின் அர்த்தத்தைக் காட்டிச் சான்றிதழை மறுப்பது, சட்டத்தின் அர்த்தத்தைக் காட்டிப் பர்கூரை வெளியே நிறுத்துவது: இரண்டு கதவும் ஏழையின் முகத்தில்தான் சாத்தப்படுகின்றன. ஆகவே நாம் கேட்பது இரண்டு. பட்டியலில் மலையாளிகளுக்குப் போட்ட ஜில்லா வேலியைப் பார்லிமெண்ட் நீக்கட்டும். உரிமையுள்ளவர் வீட்டு வாசலுக்குச் சான்றிதழ் வரட்டும்.

ஆலைத் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! 'பதிலி' என்ற சொல்லின் வலியை அறிந்த நாம் இந்தக் கோரிக்கையை நம் கோரிக்கையாக்குவோம்!